நிறுவும்போதே ஒலி அட்டையைச் சரிபார்த்துக்கொள்ள வழி உண்டா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் படிக்கும் பள்ளி ஒன்றில் கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. நன்கொடையாக வரும் பழைய மடிக்கணினிகளில் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஓர்கா திரைவாசிப்பானையும் சேர்த்து மாணவர்களிடம் கொடுத்து வருகிறோம். கணினிகள் வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்தவை. வாங்கப்பட்ட ஆண்டுகளும் வேறு வேறு. அதனால் ஒரு கணினியில் கற்றுக்கொண்ட வழி அடுத்த கணினிக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

டெபியனின் நிறுவல் நிரலில் பேச்சு வசதி இருப்பதை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 2013-இல் வெளிவந்த டெபியன் 7 முதல் இது இருக்கிறது. தொடக்கப் பட்டியல் வந்ததும் பீப் ஒலி கேட்கும். எஸ் விசையை அழுத்தி என்டரைத் தட்டினால், அதன்பின் வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு குரல் படித்துச் சொல்லும். எங்கள் மேல்வகுப்பு மாணவி ஒருத்தி வட்டைப் பிரிப்பது உட்பட முழு நிறுவலையும் யாருடைய கண்ணையும் நம்பாமல் தானே செய்து முடித்தாள். அந்த வகுப்பில் மற்றவர்களுக்கும் இப்போது அந்த ஆசை வந்திருக்கிறது.

சில கணினிகளில் மட்டும் ஒலி தகராறு செய்கிறது. ஒப்பீட்டளவில் புதியவையான சில மடிக்கணினிகளில் நிறுவல் நிரல் வாயே திறப்பதில்லை. பார்வையுள்ளவர் உட்கார்ந்து நிறுவிய பிறகும் ஒலி அமைப்புப் பக்கத்தில் 'டம்மி அவுட்புட்' என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. இவற்றுக்கு ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்த டெபியன் 11 பென் டிரைவைப் பயன்படுத்தினோம். வேறு சிலவற்றில் நிறுவும்போது பேச்சு தெளிவாகக் கேட்டது, ஆனால் டெஸ்க்டாப் வந்த பிறகு முற்றிலும் அமைதி. இன்னும் சிலவற்றில் ஹெட்போனைச் செருகினால் ஒலி வருகிறது, ஸ்பீக்கரில் வருவதில்லை.

இவற்றைச் சரிசெய்யும் வழியைக் கேட்பதோடு, பொதுவான ஒரு கேள்வியையும் முன்வைக்க விரும்புகிறேன். நிறுவல் நிரல் விசைப்பலகையைக் கேட்கிறது, நேர மண்டலத்தைக் கேட்கிறது, வலையமைப்பு இணைந்ததா என்று சோதித்துப் பார்க்கிறது. ஒலியைப் பற்றி மட்டும், "உங்களுக்குக் கேட்கிறதா?" என்று ஏன் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை? பார்வையுள்ளவர்களுக்கு ஒலி இல்லாவிட்டால் அது நிறுவிய பிறகு நிதானமாகத் தீர்த்துக்கொள்ளும் சிறிய குறை. எங்கள் மாணவர்களுக்கோ ஒலி இல்லாத கணினி, திரை இல்லாத கணினி. அதை அவர்களால் பிறகு சரிசெய்துகொள்ளவும் முடியாது, ஏனென்றால் சரிசெய்வதற்கே ஒலி வேண்டும்.


மறுமொழி 1

வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் காரணங்கள் வேறு என்பதால் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

முதலில், வாயே திறக்காத கணினிகள். சுமார் 2019-க்குப் பின் வந்த இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் உள்ளமைந்த மைக், எண்வடிவத் தரவையும் ஒலியையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றும் கோடெக் சில்லில் இணைக்கப்படாமல் நேரே சிப்செட்டில் இருக்கும் ஒலிச் செயலியில் இணைக்கப்பட்டிருக்கும். அத்தகைய மைக் இருப்பதை லினக்ஸின் மைய நிரலான கர்னல் கண்டால், பழைய எச்டி ஆடியோ டிரைவரை விட்டுவிட்டு, 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' எனப்படும் எஸ்ஓஎஃப் டிரைவரைத் தேர்ந்தெடுக்கும். அந்த டிரைவர் வேலை செய்யச் செயலிக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு வட்டில் இருக்க வேண்டும். கோப்பு இல்லையென்றால் மைக் மட்டுமல்ல, ஸ்பீக்கரும் சேர்ந்தே போய்விடும். கர்னலைப் பொறுத்தவரை ஒலி அட்டை என்ற ஒன்றே அந்தக் கணினியில் இருக்காது. டம்மி அவுட்புட் என்ற வரி அப்படி வருவதுதான்.

எஸ்ஓஎஃப்-இன் மூல நிரல் திறந்ததுதான். ஆனால் பெரும்பாலான மடிக்கணினிகளில் வன்பொருளே இன்டெல்லின் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகுதான் ஃபர்ம்வேரை ஏற்றுக்கொள்ளும். ஆகவே நாமே தொகுத்துப் பயன்படுத்த இயலாது. கையொப்பமிட்ட கோப்பையே எடுத்தாக வேண்டும். இதனால் டெபியன் அதைத் தன் முதன்மைக் களஞ்சியத்தில் சேர்க்கவில்லை. 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11-இன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டுகளிலும் இத்தகைய ஃபர்ம்வேர் இல்லை. இது குறித்து 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் பொது வாக்கெடுப்பு நடத்தி, தேவையான ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ வட்டுகளிலேயே சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அந்த முடிவு நடைமுறையில் இருக்கிறது. ஆகவே பழைய பென் டிரைவை ஒதுக்கிவிட்டு, 12 அல்லது 2025 ஆகஸ்டில் வந்த 13-இன் வட்டை எடுங்கள். உங்கள் முதல் வகைக் கணினிகளில் பெரும்பாலானவை இத்துடன் பேசத் தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்கிறேன்.

அதற்கும் பேசாத கணினி இருந்தால், எஸ்ஓஎஃப்-ஐ விட்டுவிட்டுப் பழைய டிரைவரையே பயன்படுத்தும்படி கர்னலிடம் சொல்லலாம். இன்டெல் டிஎஸ்பி கான்ஃபிக் என்ற கர்னல் கூறுக்கு 'டிஎஸ்பி டிரைவர்' என்ற அளவுரு ஒன்று உண்டு. அதன் மதிப்பை 1 என வைத்தால் பழைய எச்டி ஆடியோ டிரைவர் வரும். உள்ளமைந்த மைக் வேலை செய்யாது, ஆனால் ஸ்பீக்கர் பேசும். திரைவாசிப்பானுக்கு ஸ்பீக்கர்தானே முதல் தேவை.

இரண்டாவது வகை, நிறுவும்போது பேசிப் பிறகு மௌனமான கணினிகள். இவற்றில் எச்டிஎம்ஐ வெளியீட்டை முதலில் சந்தேகியுங்கள். ஏஎம்டி செயலியுள்ள மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ ஒலி ஓர் அட்டையாகவும் ஸ்பீக்கர் ஒலி இன்னோர் அட்டையாகவும் தனித்தனியே தெரியும். பல சமயம் எச்டிஎம்ஐ-க்கே பூஜ்யம் என்ற எண் கிடைத்துவிடும். புராக் கோப்பகத்துக்குள் அசவுண்ட் என்ற கோப்புறையில் கார்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து பார்த்தால் எந்த எண்ணில் எந்த அட்டை இருக்கிறது என்று சில வரிகளில் தெரிந்துவிடும். டெபியனின் பேச்சு நிறுவல், ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டைகளைக் கண்டால், ஒவ்வொன்றிலும் பேசிப் பார்த்து, எந்த அட்டையில் குரல் கேட்கிறதோ அப்போது என்டரைத் தட்டச் சொல்கிறது. ஆகவேதான் நிறுவும்போது சரியான ஸ்பீக்கரில் குரல் வந்திருக்கிறது. ஆனால் டெஸ்க்டாப்பில் ஒலியை ஆள்வது பைப்வயர். எந்த வெளியீட்டை முதன்மையாகக் கொள்வது என்று அதன் துணை நிரலான வயர்பிளம்பர் தன் முன்னுரிமைப்படி முடிவு செய்கிறது. ஆய்வகத்தில் மானிட்டரோ புரொஜெக்டரோ எச்டிஎம்ஐ வழியாக இணைந்திருந்தால், ஒலி அங்கே போயிருக்க வாய்ப்புண்டு. ஒருமுறை ஒலி அமைப்பில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வயர்பிளம்பர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அட்டை எண்களையே மாற்ற வேண்டுமென்றால், டிரைவர் அளவுருக்களை எழுதிவைக்கும் மாட்ப்ரோப் கோப்புறையில் எச்டி ஆடியோ டிரைவருக்கு 'இண்டெக்ஸ்' அளவுருவை 1,0 என்று எழுதினால் போதும்.

மூன்றாவது வகைக்கு, எதையும் தொடுவதற்கு முன் ஒலி அளவுகளை மாற்றும் அல்சாமிக்சர் நிரலைத் திறந்து 'ஆட்டோ மியூட்' என்ற பகுதியைப் பாருங்கள். ஹெட்போன் செருகப்பட்டிருந்தால் ஸ்பீக்கரைத் தானே நிறுத்திவிடுவது அதன் வேலை. பல ஆண்டுகள் உழைத்த மடிக்கணினியில் ஹெட்போன் துளையின் உள்தகடு வளைந்துபோய், எதுவும் செருகாதபோதும் செருகியிருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். ஆட்டோ மியூட்டை நிறுத்தியதும் ஸ்பீக்கர் பேசினால் காரணம் அதுதான். ஸ்பீக்கர் நெடுவரிசையின் அடியில் எம்எம் என்று இருந்தால் ஒலி அடைக்கப்பட்டிருக்கிறது. எம் விசையை அழுத்தினால் ஓஓ என்று மாறித் திறந்துவிடும்.

இரண்டும் இல்லையென்றால் சிக்கல் கணினியின் தொடக்க நிரலான பயாஸில் இருக்கலாம். 2004-இல் இன்டெல் வகுத்த எச்டி ஆடியோ வரையறையின்படி, கோடெக்கின் ஒவ்வொரு முனைக்கும் 32 பிட் அளவிலான ஒரு குறிப்பு உண்டு. அந்த முனையில் ஸ்பீக்கர் இருக்கிறதா, ஹெட்போன் துளை இருக்கிறதா, அது கணினியின் எந்தப் பக்கம் இருக்கிறது, துளையின் நிறம் என்ன என்பன எல்லாம் அதில் அடங்கும். இதை நிரப்பவேண்டியது பயாஸ். தயாரிப்பாளர்கள் இதைச் சரியாக நிரப்பாமல், விண்டோஸுக்கான தங்கள் டிரைவருக்குள் திருத்தத்தை வைத்துவிடுவது உண்டு. கர்னலில் ரியல்டெக் கோடெக்குகளுக்கான பகுதியில் மாடல் வாரியாக நீண்டுகொண்டே போகும் திருத்தப் பட்டியல் இருப்பது இதனால்தான். லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் கருவித் தொகுப்பில் உள்ள எச்டிஏ ஜாக் ரீடாஸ்க் என்ற நிரலில், எந்த முனை ஸ்பீக்கர் என்று நீங்களே குறித்து, ஒவ்வொரு தொடக்கத்திலும் அது செயல்படும்படி சேமித்துக்கொள்ளலாம்.


மறுமொழி 2

மேலே உள்ள மறுமொழி மிகவும் பயனுள்ளது. கேள்வி கேட்டவரின் பொதுவான கேள்வியைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிறுவும்போது "கேட்கிறதா?" என்று கேட்கும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது.

1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 போன்ற, ஐஎஸ்ஏ எனும் பழைய இணைப்பு முறை அட்டைகளின் காலத்தில் கணினிக்குத் தன்னிடம் எந்த ஒலி அட்டை இருக்கிறது என்பதே தெரியாது. போர்ட் 220, குறுக்கீடு 5, டிஎம்ஏ 1, 16 பிட் ஒலிக்கு டிஎம்ஏ 5 என்று பயனரே சொல்ல வேண்டும். குறுக்கீட்டு எண்ணை 7 என்று வைத்தால் அச்சுப்பொறியின் போர்ட்டோடு மோதும். டாஸ் காலத்து விளையாட்டுகள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அமைப்பு நிரலோடு வந்தன. எண்களைக் கேட்டுவிட்டு, ஒரு சோதனை ஒலியை எழுப்பி, கேட்டதா இல்லையா என்று பயனரையே பதில் சொல்ல வைத்தன. ரெட் ஹாட் லினக்ஸில் சவுண்ட் கான்ஃபிக் என்ற நிரல் இருந்தது. அது அட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, எண்களை எழுதி, முடிவில் லினக்ஸ் என்ற பெயரைத் தாம் எப்படி உச்சரிக்கிறார் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் சொல்லும் சிறிய ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்து, அது கேட்டதா என்று வினவும். சூசே லினக்ஸின் யாஸ்ட் என்ற அமைப்பு நிரல் நிறுவலின் இறுதியில் ஒலி அட்டையைக் காட்டிச் சோதிக்க இடம் கொடுத்தது. ஃபெடோரா கோரின் தொடக்க காலப் பதிப்புகளில், நிறுவி முடித்து முதல்முறை இயக்கும்போது ஒலி அட்டைக்கென ஒரு பக்கமும், அதில் சோதனை ஒலிக்கான பொத்தானும் இருந்தன.

பிறகு பிசிஐ என்ற புதிய இணைப்பு முறை வந்தது. ஒவ்வொரு அட்டையும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் தானே சொல்லத் தொடங்கியது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கர்னலோடு அல்சா நிலைபெற்றது. எண்களை எழுதவேண்டிய தேவை போனதும் அமைப்புப் பக்கங்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. அது நியாயமான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. போர்ட் எண்ணை மனிதரிடம் கேட்கும் நிறுவல் நிரல் மீண்டும் வரவேண்டாம். ஆனால் அந்தப் பக்கங்களில் இரண்டு வேலைகள் நடந்துகொண்டிருந்தன. ஒன்று, அட்டையை அறிந்து அமைப்பது. மற்றொன்று, ஒலி காதில் விழுந்ததா என்று மனிதரிடம் உறுதி செய்துகொள்வது. முதல் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டபோது இரண்டாவதையும் சேர்த்தே நீக்கிவிட்டார்கள். அந்த இரண்டாவது வேலையைக் கணினியால் எந்நாளும் செய்ய முடியாது. டிரைவர் ஏறியது, ஒலித் தரவு கோடெக்குக்குப் போனது என்பது வரை கர்னலுக்குத் தெரியும். அதற்கு அப்பால் ஸ்பீக்கரின் சவ்வு அதிர்ந்ததா என்று அறிய அதனிடம் எந்தக் கருவியும் இல்லை. நீங்கள் சொன்ன இரண்டாம், மூன்றாம் வகைக் கணினிகளில், கர்னலைக் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லும்.

ஆகவே நான் விரும்புவது பழைய அமைப்புப் பக்கம் அல்ல, ஒரே ஒரு கேள்வி. மொழித் தேர்வுக்கு அடுத்து, அல்லது அதற்கும் முன்பே, நிறுவல் நிரல் ஒவ்வொரு வெளியீட்டிலும் மென்மையாகத் தொடங்கிச் சற்றே உயரும் ஒரு குரலை ஒலிக்கச் செய்து, கேட்டதும் என்டரைத் தட்டச் சொல்ல வேண்டும். யாரும் தட்டவில்லை என்றால் அடுத்தடுத்த மாற்று வழிகளை அது தானே முயன்று பார்க்கலாம். அடைக்கப்பட்ட கால்வாய்களைத் திறப்பது, ஆட்டோ மியூட்டை நிறுத்துவது, ஒலிச் செயலியை விட்டுப் பழைய டிரைவருக்கு மாறுவது ஆகிய மூன்றும் முதல் மறுமொழியில் நண்பர் கையால் செய்யச் சொன்னவைதான். ஒரு நிரலும் அதே வரிசையில் அவற்றைச் செய்ய முடியும். இறுதியில் எந்த வழியில் ஒலி கேட்டதோ, அது நிறுவப்படும் அமைப்புக்குள் எழுதப்பட வேண்டும். டிரைவர் அளவுரு மாட்ப்ரோப் கோப்பிலும், ஒலி அளவுகள் அல்சாவின் நிலைக் கோப்பிலும், வெளியீட்டுத் தேர்வு வயர்பிளம்பரிலும் போய்ச் சேர வேண்டும். பயனர் ஒருமுறை சொன்ன பதிலை டெஸ்க்டாப் மறந்துவிடுவதுதான் இரண்டாம் வகைக் கணினிகளில் நடந்திருக்கிறது.


மறுமொழி 3

முந்தைய மறுமொழியின் கருத்தோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு. இருந்தாலும் ஓரிரு தடைகளைச் சொல்லியாக வேண்டும்.

டெபியனின் நிறுவல் நிரல் மிகச் சிறிய சூழலில் இயங்குகிறது. அதற்குள் பைப்வயரோ வயர்பிளம்பரோ கிடையாது. ஆகவே அங்கே செய்யும் சோதனை அல்சா அளவிலான சோதனையாகவே இருக்கும். டெஸ்க்டாப் பிறகு என்ன முடிவெடுக்கும் என்பதை அதனால் முழுமையாக முன்னறிய முடியாது. மேலும், சர்வர்களிலும் மெய்நிகர் கணினிகளிலும் நிறுவுபவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஒலிக் கேள்வி வீண். இதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. நிறுவல் கேள்விகளைக் கையாளும் டெப்கான்ஃபில் ஒவ்வொரு கேள்விக்கும் குறைவு, நடுத்தரம், உயர்வு, மிக இன்றியமையாதது என நான்கு முன்னுரிமைகள் உண்டு. ஒலிக் கேள்வியை நடுத்தர முன்னுரிமையில் வைத்து, பேச்சு நிறுவலிலும் டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்த நிறுவலிலும் மட்டும் அதை உயர்த்தினால் மற்றவர்களுக்கு அது கண்ணிலேயே படாது.

இன்னொன்று, நேரடி வட்டு. நிறுவுவதற்கு முன்பே முழு டெஸ்க்டாப்பையும் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்க முடியும் என்பதால், ஒலிச் சோதனைக்கு உண்மையில் பொருத்தமான இடம் அதுதான் என்பது என் எண்ணம். அங்கே பைப்வயர் இருக்கிறது, உண்மையான ஃபர்ம்வேர் இருக்கிறது, நிறுவிய பிறகு நடக்கப்போவதே அங்கும் நடக்கிறது. நன்கொடைக் கணினி வந்தவுடன் வட்டை அழிப்பதற்கு முன் நேரடி வட்டை இட்டு, ஸ்பீக்கர் டெஸ்ட் கட்டளையை இரண்டு கால்வாய்களுக்கு, சோதனை வகையை 'வேவ்' என்று கொடுத்து இயக்கிப் பாருங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் மாறி மாறிச் சொல்லும். ஒரே பக்கத்தில் இரண்டும் கேட்டாலோ, ஒன்று கேட்காவிட்டாலோ அப்போதே தெரிந்துவிடும்.

ஒரே மாடலில் பல கணினிகள் வந்தால், ஒன்றில் கண்டுபிடித்த திருத்தத்தை மற்றவற்றிலும் தானாகச் சேர்க்க, நிறுவல் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் ப்ரீசீட் கோப்பைப் பயன்படுத்துங்கள். அதில் 'லேட் கமாண்ட்' என்ற வரியில் எழுதும் கட்டளை நிறுவல் முடியும் தறுவாயில் இயங்கும். மாட்ப்ரோப் கோப்பைப் பென் டிரைவிலேயே வைத்திருந்து, அந்த வரியின் வழியாகப் புதிய அமைப்புக்குள் படியெடுத்துவிட்டால், கணினி முதன்முறை இயங்கும்போதே பேசும்.


கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டெபியன் 12 வட்டை இட்டதும் முதல் வகைக் கணினிகளில் ஒன்றைத் தவிர மற்றவை பேசிவிட்டன. அந்த ஒன்றில் டிஎஸ்பி டிரைவர் மதிப்பை 1 என்று வைத்ததும் ஸ்பீக்கர் வேலை செய்கிறது. இரண்டாம் வகையில் காரணம் எச்டிஎம்ஐ-தான். எல்லாக் கணினிகளையும் ஒரே மானிட்டரில் இணைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் வகையில் ஆட்டோ மியூட்டை நிறுத்தியவுடன் பெரும்பாலானவை பேசின. ஒரு கணினியில், ஹெட்போன் முள்ளைத் துளையில் லேசாக அசைத்தாலே ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பேசுவதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

நேரடி வட்டு நல்ல யோசனைதான். எனினும் முன்னுரிமையைப் பற்றி ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எஸ் விசையை அழுத்தியவருக்கு ஒலி வராதபோது நிறுவல் நிரல் அமைதியாகக் காத்துக்கொண்டிருப்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பேச்சைக் கேட்டு வந்தவருக்குப் பேச்சு கிடைக்கவில்லை என்பது அந்த நிரலுக்கு எப்படியாவது தெரிந்தாக வேண்டும். டெஸ்க்டாப் பயனர்களுக்கான கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

தமிழில் பேசும் நிறுவலுக்கு வழியுண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சிறிய வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலக் குரலின் வேகத்தைப் பின்தொடர்வது கடினமாக இருக்கிறது.


மறுமொழி 4

வணக்கம் ஐயா. நான் பார்வையற்றவன், பல ஆண்டுகளாக என் கணினிகளில் டெபியனை நானே நிறுவி வருகிறேன். தமிழைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டெபியன் நிறுவல் நிரலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் காட்ட வரைகலைத் திரை வேண்டும் என்பதால், அது வரைகலை நிறுவலில் மட்டுமே கிடைக்கும். பேச்சு நிறுவலோ உரைத்திரையில் இயங்குவது. அதன் மொழிப் பட்டியலில் தமிழ் வராது. காதால் கேட்பவனுக்கு எழுத்து எப்படித் தெரிந்தால் என்ன என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் இப்போதைய நிலை இதுதான். நிறுவி முடித்த பிறகு இந்தத் தடை இல்லை. எழுத்தைப் பேச்சாக்கும் இஸ்பீக் என்ஜி நிரலில் தமிழ்க் குரல் இருக்கிறது, ஓர்காவில் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதுவரை ஆங்கிலக் கேள்விகளின் வரிசையைத் தமிழில் ஒலிப்பதிவு செய்து கைபேசியில் கொடுத்துவிட்டால் சிறுவர்கள் முன்கூட்டியே தயாராக இருப்பார்கள்.

ஒலி வராத கணினிக்கு என் வழி யுஎஸ்பி ஒலி அட்டை. கட்டைவிரல் அளவில் ஹெட்போன் துளையும் மைக் துளையும் உள்ள மலிவான ஒன்று போதும். யுஎஸ்பி ஒலிக்குப் பொதுவான வரையறை இருப்பதால், அதைப் பின்பற்றும் எந்த அட்டையையும் கர்னலில் உள்ள ஒரே டிரைவர் ஆண்டுவிடும். தனி ஃபர்ம்வேர் வேண்டியதில்லை, பயாஸ் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டியதும் இல்லை. கணினியை இயக்குவதற்கு முன்பே அதைச் செருகிவிடுங்கள். உள்ளே இருக்கும் அட்டை பேசாவிட்டாலும் யுஎஸ்பி அட்டை தன் முறை வரும்போது பேசும்; அப்போது என்டரைத் தட்டினால் நிறுவலைக் கடைசிவரை கொண்டுபோகலாம். அதன்பின் உள்ளமைந்த ஸ்பீக்கரைச் சரிசெய்யும் வேலையையும் மாணவர்கள் தாங்களே செய்ய முடியும், ஏனென்றால் அதற்குள் அவர்களிடம் பேசும் கணினி இருக்கும்.

பீப் ஒலியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்றும் மாணவர்களிடம் சொல்லுங்கள். அந்த ஒலியை எழுப்பும் பழைய பாணி உள்ஸ்பீக்கர் பல புதிய மடிக்கணினிகளில் இல்லை. பென் டிரைவிலிருந்து கணினி தொடங்குவதற்குச் சற்று நேரம் கொடுத்துவிட்டு எஸ், பிறகு என்டர் என்று தட்டுவதே நான் கடைப்பிடிக்கும் முறை.

கேட்டு வந்தவருக்குக் குரல் கிடைக்காதபோது நிறுவல் நிரல் மாற்று வழிகளைத் தானே முயல வேண்டும் என்ற கோரிக்கையை டெபியனின் வழுக் கண்காணிப்பு அமைப்பில் விருப்பக் கோரிக்கையாகப் பதிய வேண்டும். அதை நீங்கள் பதிவதே பொருத்தம், ஏனென்றால் பலவகைக் கணினிகள் உங்கள் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு மாடலுக்கும், ஒலி வன்பொருள் விவரங்களைத் தொகுக்கும் அல்சா இன்ஃபோ நிரலின் முழு வெளியீட்டையும், நிறுவிய கணினியில் லாக் கோப்பகத்தின் இன்ஸ்டாலர் கோப்புறையில் இருக்கும் வன்பொருள் சுருக்கக் கோப்பையும் இணையுங்கள். எந்த அட்டையில் குரல் கேட்டது, எதில் கேட்கவில்லை, எந்த மாற்றத்துக்குப் பிறகு கேட்டது என்பதை ஒவ்வொரு மாடலுக்கும் தனி வரியாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதித் தர உதவி வேண்டுமென்றால் இந்த இழையிலேயே வரைவை இடுங்கள். நான் திருத்தித் தருகிறேன்.